ஆண்டனி போர்டெய்ன்: ஒரு சமையல்காரருக்கான துக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் பிறந்துவிட்டால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துவிடுகின்றன. ஓட்டல் அடுப்படியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன், போர்டெய்னின் நிகழ்ச்சிகளை விடாமல் பார்த்தவன் என்பதைத் தவிர பதில் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. தற்கொலை பற்றிய பேச்சு இதில் வரும். மனம் கனத்திருக்கும் நேரத்தில் இதைப் படிக்கிறவர்கள், ‘நண்பர் ஒருவரை நினைத்துப் பயமாக இருக்கிறது’ என்ற கேள்விக்கு முதலில் போய்விடுங்கள், உதவி எண்கள் அங்கே இருக்கின்றன. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

யார் இந்த ஆண்டனி போர்டெய்ன்? சமையல்காரரா, எழுத்தாளரா, தொலைக்காட்சிக்காரரா?

மூன்றும்தான், அதே வரிசையில். 1956 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் பிறந்து, பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் வளர்ந்தவர். மாசசூசெட்ஸ் கடற்கரையில் பிராவின்ஸ்டவுன் என்ற ஊரில், கோடைக்கால வேலையாகப் பாத்திரம் கழுவப் போனார். கழுவும் தொட்டியிலிருந்து மெல்ல அடுப்புக்கு நகர்ந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டார். கலினரி இன்ஸ்டிடியூட் ஆஃப் அமெரிக்காவில் சேர்ந்து 1978-இல் படிப்பை முடித்தார். அதன் பிறகு இருபது ஆண்டுகள் நியூயார்க் சமையலறைகளில் கழிந்தன. 1998-இல் மன்ஹாட்டனில் லே ஆல் என்ற பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையல்காரர் ஆனார்.

1999-இல் உணவகங்களின் பின்கட்டு பற்றி அவர் எழுதிய கட்டுரை நியூயார்க்கர் இதழில் வந்தது. அதை உரிய கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தவர், நியூயார்க் டைம்ஸில் வேலை பார்த்த அவருடைய அம்மா. மறு ஆண்டே அது ‘கிச்சன் கான்ஃபிடென்ஷியல்’ என்ற புத்தகமாக விரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்துநான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது. பிறகு தொலைக்காட்சி. ‘நோ ரிசர்வேஷன்ஸ்’ 2005 முதல் 2012 வரை வந்தது. சி.என்.என். தொலைக்காட்சியில் ‘பார்ட்ஸ் அன்நோன்’ 2013-இல் தொடங்கி, அவர் இறந்த 2018 வரை ஓடியது.

எப்போது, எங்கே இறந்தார்?

2018 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கைசர்ஸ்பெர்க் என்ற சிற்றூரில், தங்கியிருந்த ஓட்டல் அறையில். நிகழ்ச்சியின் படப்பிடிப்புக்காகப் போயிருந்தார். நெருங்கிய நண்பரும் புகழ்பெற்ற சமையல்காரருமான எரிக் ரிப்பேர் உடன் வந்திருந்தார். அறுபத்திரண்டாம் பிறந்தநாளுக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

தற்கொலையால் இறந்தார். எப்படி என்ற விவரத்தை நான் எழுதப் போவதில்லை. தெரிந்துகொள்வதால் யாருக்கும் பயனில்லை. மனம் தளர்ந்திருப்பவர்களுக்குக் கெடுதல் உண்டு.

பிரான்ஸ் அவருக்கு அந்நிய மண் அல்ல. அப்பா வழிச் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். பத்து வயதை எட்டாத சிறுவனாக, கோடை விடுமுறையில் மேற்குக் கரையில் ஒரு கிழவரின் படகில் உட்கார்ந்து, கடலிலிருந்து அப்போதுதான் எடுத்த சிப்பியைப் பச்சையாக விழுங்கினார். வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். தன் வாழ்க்கை அந்த ஒரு வாயில்தான் தொடங்கியது என்று பின்னாளில் எழுதினார்.

ஏன் அப்படிச் செய்தார்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். நம் செய்தித்தாள்களில் ஒரு பழக்கம் உண்டு. யார் தற்கொலையால் இறந்தாலும் இரண்டு வரிச் செய்தியில் ஒரு காரணம் ஒட்டப்பட்டிருக்கும்: ‘வயிற்றுவலி காரணமாக’, ‘குடும்பத் தகராறு காரணமாக’, ‘தேர்வில் தோல்வி காரணமாக’. வயிற்றுவலி வந்தவர்கள் எல்லாரும் சாவதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு காரணம் கையில் இருந்தால் நமக்கு நிம்மதி. அந்தக் காரணம் நம் வீட்டில் இல்லை என்று சொல்லிக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

போர்டெய்ன் விஷயத்திலும் உலகம் அதையே செய்தது. அவருடைய காதல் வாழ்க்கையைக் கிளறி, ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் ஏராளம். ஒரு மனிதரின் சாவை இன்னொரு மனிதரின் தலையில் கட்டுவது அநியாயம். நான் அதற்கு உடன்பட மாட்டேன். சிலர் பழைய போதைப் பழக்கத்தைக் காட்டினார்கள். 1980-களில் ஹெராயின், கொக்கைன் இரண்டுக்கும் அடிமையாக இருந்ததை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் இறந்தபின் நடந்த பரிசோதனையில் போதைப்பொருள் எதுவும் இல்லை, சிகிச்சைக்கான அளவில் ஒரு மருந்தின் தடயம் மட்டுமே இருந்தது என்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் தெரிவித்தார்.

ஆண்டுக்குச் சுமார் இருநூறு நாள் பயணத்தில் கழிந்த வாழ்க்கை. தனிமை பற்றி கேமராவுக்கு முன்னாலேயே அவர் பேசியிருக்கிறார். இதையெல்லாம் அடுக்கினாலும் விடை வராது. தற்கொலை ஒற்றைக் காரணத்தால் நிகழ்வதில்லை. உடல், மனம், சூழல், அந்த ஒரு மணி நேரம் எல்லாம் சேர்ந்து முடிச்சாகின்றன. முடிச்சு அவரோடு போய்விட்டது.

பணம், புகழ், உலகம் சுற்றும் வேலை எல்லாம் இருந்தும் எப்படி?

நெஞ்சுவலி வந்த பணக்காரரைப் பார்த்து இப்படி யாரும் கேட்பதில்லை.

அதே வாரம், ஜூன் 5 அன்று, ஆடை வடிவமைப்பாளர் கேட் ஸ்பேட் தற்கொலையால் இறந்திருந்தார். ஜூன் 7 அன்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1999-க்கும் 2016-க்கும் இடையில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் தற்கொலை விகிதம் கூடியிருந்தது. 27 மாநிலங்களில் விரிவாக ஆராய்ந்ததில், இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனநோய் இருந்ததாக எங்குமே பதிவு இல்லை. மறுநாள் போர்டெய்ன்.

நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக அழுவது மிகையில்லையா?

எம்.ஜி.ஆர். இறந்த அன்று அடுப்பு எரியாத வீடுகளைப் பார்த்த நாடு நம்முடையது. அழுகையின் அளவைப் பற்றி நாம் யாருக்கும் பாடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் போர்டெய்ன் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அவரை நாம் பார்த்தது பெரும்பாலும் சாப்பிடும்போது. எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரைப் பதிமூன்று ஆண்டுகள் வாரந்தோறும் பார்த்தால் அவர் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஆகிவிடுகிறார். எதைப் பிடிக்கும், எதைத் தொடமாட்டார், எந்த இடத்தில் முகம் மலரும் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவருக்கு நம்மைத் தெரியாது என்பது உண்மைதான். இழப்பு நம்முடையது என்பதால் அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சமையல் வேலையில் இருப்பவர்கள் மட்டும் அவரைச் சொந்தக்காரர் போலப் பேசுகிறார்களே, ஏன்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதியுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நான் ஓர் ஓட்டல் அடுப்படியில் இருந்தேன். இரவு வியாபாரத்துக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சால்னா கொதிக்கத் தொடங்கியிருந்தது. கேட்டரிங் படித்துவிட்டு வந்து சேர்ந்த பையன் ஒருவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். இடையில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தவன் அசையாமல் நின்றான். பிறகு கத்தியைத் துடைத்துப் பலகை மேல் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் பின்கட்டுப் பக்கம் போய்விட்டான். சரக்கு மாஸ்டர் அறுபதை நெருங்கியவர். தமிழைத் தவிர வேறு மொழி அறியாதவர். பையன் திரும்பி வந்ததும் முகத்தைப் பார்த்தார். “வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?” என்று கேட்டார். பையன் ஒரு நொடி யோசித்து, “ஆமாம் மாஸ்டர்” என்றான். அவர் அவனை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, மீதி வெங்காயத்தைத் தானே நறுக்கினார்.

அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

எங்கள் தொழிலில் சாப்பிடுகிறவருக்குச் சமைத்தவரின் முகம் தெரியாது. பாராட்டு முதலாளிக்குப் போகும். உப்பு கூடினால் மட்டும் மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். தீக்காயம், பன்னிரண்டு மணி நேர நிற்றல், பண்டிகை நாளில் இரட்டை வேலை, வேலை முடிந்த பிறகு குடி. இதையெல்லாம் சமையலறைக்குள்ளிருந்து ஒருவர் எழுதி உலகத்தின் முன் வைத்தது எங்களுக்குப் பெரிய விஷயம். அமெரிக்க உணவகங்கள் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களின் தோள்மேல் நிற்கின்றன என்று அவர் ஓயாமல் சொன்னார். தன் சமையலறைக்காரர்களின் சொந்த மண்ணான மெக்சிகோவின் பியூப்லாவுக்கே போய், அவர்கள் வீட்டில் சாப்பிட்டார். நம் ஊர்ப் பரோட்டாக் கல்லின் முன் இன்று நிற்கும் அசாம்காரப் பையனின் ஊர்ப் பெயர் நமக்குத் தெரியுமா? எனக்கு அன்றுவரை தெரியாது.

குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகம் சமையலறை முரட்டுத்தனத்தை வீரம் போலக் காட்டிவிட்டது. கெட்ட வார்த்தையும் குடியும் இருந்தால்தான் நல்ல சமையல்காரன் என்று ஒரு தலைமுறைப் பையன்கள் நம்பினார்கள். பெண்கள் பணியிடத் துன்புறுத்தல் பற்றிப் பேசத் தொடங்கிய 2017-இல், அந்தப் போக்கு வளரத் தன் எழுத்தும் ஒரு காரணம் என்று அவர் வெளிப்படையாக வருந்தினார். அந்த வயதில், அந்தப் புகழில், அது எளிதில்லை.

மக்கள் எப்படித் துக்கம் அனுசரித்தார்கள்?

லே ஆல் உணவகம் அவர் இறக்குமுன்பே மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் செய்தி கேட்டவர்கள் அங்கேதான் போனார்கள். பார்க் அவென்யூ சவுத்தில் பூட்டிக் கிடந்த கடையின் முகப்பில் பூக்களும் கையால் எழுதிய துண்டுச் சீட்டுகளும் நிறைந்தன. இறந்தவரின் வீடு தெரியாதவர்கள் அவர் வேலை பார்த்த கடைக்குத் துக்கம் விசாரிக்கப் போனார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மறு ஆண்டு ரிப்பேரும் இன்னொரு சமையல்கார நண்பரான ஹோசே ஆந்த்ரேஸும், அவர் பிறந்த ஜூன் 25-ஐப் போர்டெய்ன் நாளாகக் கொண்டாடும்படி கேட்டுக்கொண்டார்கள். இறந்த நாளை விட்டுப் பிறந்த நாளை எடுத்தது நல்ல முடிவு. நியூஜெர்சி மாநிலம், ‘பார்ட்ஸ் அன்நோன்’ நிகழ்ச்சிக்காக அங்கே அவர் போன கடைகளை இணைத்து ஓர் உணவுப் பாதையை அறிவித்தது. அவர் படித்த சமையற்கலைக் கல்லூரி அவர் பெயரில் உதவித்தொகை தருகிறது.

தமிழர்கள் வாழும் இடங்களுக்கு வந்திருக்கிறாரா?

யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கிறார். முதல் முறை இலங்கை வந்தபோது போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கே போக முடியவில்லை. ‘பார்ட்ஸ் அன்நோன்’ நிகழ்ச்சிக்காக மறுபடி வந்தபோது கொழும்பிலிருந்து ரயிலேறினார். 1990-இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. அந்தப் பகுதி 2017-இல் ஒளிபரப்பானது. யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பு எப்படியிருக்கும் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய வாசகர்கள் யாரும் இல்லை என்பதால் அதை விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, விமானத்தை விட்டு ரயிலைப் பிடித்தது.

இந்தியாவில் ராஜஸ்தான், மும்பை, கொல்கத்தா, கேரளம், பஞ்சாப் என்று சுற்றினார். கேரளத்தில் மம்மூட்டியின் படப்பிடிப்புத் தளத்துக்கும் போனார். சைவ உணவுக்காரர்களை வாழ்நாளெல்லாம் கேலி செய்த மனிதர், பஞ்சாபில் சைவச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, இப்படிச் சமைத்தால் தனக்கும் ஆட்சேபம் இல்லை என்ற தொனியில் பேசியது பார்க்க வேண்டிய காட்சி.

அவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. பதினொரு வயது மகள் இருந்தாளே?

வரட்டும். கோபம் துக்கத்தின் பங்காளி. தற்கொலையால் ஒருவரை இழந்த வீடுகளில் அழுகையும் கோபமும் குற்ற உணர்வும் ஒரே பாயில்தான் படுத்திருக்கும். சில வீடுகளில் நிம்மதிகூட இருக்கும், அதை வெளியே சொல்ல முடியாது.

ஆனால் ‘பிள்ளையை நினைத்துப் பார்த்தாரா’ என்ற கேள்வியை அந்த வீட்டார் காதில் விழும்படி கேட்காதீர்கள். கடுமையான மனவேதனையில் இருப்பவர்களில் பலர், தாம் இல்லாமல் போனால் வீட்டாருக்குப் பாரம் குறையும் என்று நம்புகிறார்கள். நோய் அப்படி நம்பவைக்கிறது. பாசம் குறைந்ததற்கு அது அத்தாட்சி இல்லை.

‘தற்கொலை செய்துகொண்டார்’ என்று எழுதலாமா?

பேச்சில் அதுதான் வருகிறது. நான் முடிந்தவரை ‘தற்கொலையால் இறந்தார்’ என்று எழுதுகிறேன். கொலை செய்தார் என்ற குற்றத்தின் சாயல் அதில் இல்லை. இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2018 மே 29 அன்று, போர்டெய்ன் இறப்பதற்குப் பத்து நாள் முன்பு.

‘கோழை’ என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ‘தைரியசாலி’ என்பதும் வேண்டாம்.

நண்பர் ஒருவரை நினைத்துப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

கேளுங்கள். நேராகவே கேளுங்கள்: “உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களின் அனுபவம். கேட்டபின் அறிவுரை சொல்லாமல் காது கொடுங்கள். ‘உனக்கு என்ன குறை’ என்று ஆரம்பித்தால் கதவு சாத்திக்கொள்ளும். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தனியே விடாதீர்கள். மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.

இந்தியாவில் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, மலேசியாவில் 15555, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உங்களுக்காகவும் அழைக்கலாம்; பயமாயிருக்கும் நண்பருக்காக என்ன செய்வது என்று கேட்கவும் அழைக்கலாம்.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, பக்கத்து வீட்டுச் சாப்பாடுதான் வர வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்திருந்தார்கள். சாவதற்கு முன்பே ஒருவருக்கு அந்தச் சாப்பாட்டைக் கொண்டுபோனால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தட்டை நீட்டும் சாக்கில் கேட்க முடியாத கேள்வியைக் கேட்டுவிடலாம்.

கூடவே இருந்த ரிப்பேருக்குத் தெரியாமல் போனது எப்படி?

வெளியில் தெரியும்படி எல்லாருக்கும் அறிகுறி இருப்பதில்லை. இருந்தாலும் முடிந்தபின்தான் அது அறிகுறியாகத் தெரியும். நீங்களும் ஒருவரை இப்படி இழந்து, கடைசித் தொலைபேசி அழைப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பவர் என்றால், மேலே உள்ள எண்கள் உங்களுக்கும்தான்.

அவருடைய நிகழ்ச்சிகளை இப்போது பார்க்க முடியவில்லை. எங்கே தொடங்கலாம்?

கட்டாயம் ஒன்றுமில்லை. எனக்கே இரண்டு ஆண்டு ஆயிற்று. தொடங்குவதென்றால் 2006-இல் லெபனானின் பெய்ரூட்டில் எடுத்ததைப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றிப் படமெடுக்கப் போன இடத்தில் போர் மூண்டுவிட, ஓட்டலிலிருந்து குண்டுவீச்சைப் பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வெளியேறினார்கள். சாப்பாட்டு நிகழ்ச்சி என்றால் என்ன என்பது பற்றிய அவருடைய எண்ணம் அங்கேதான் மாறியது. ‘பார்ட்ஸ் அன்நோன்’ கடைசிப் பருவத்தில், கென்யாவில் எடுத்த பகுதிக்கு மட்டுமே அவர் முழுதாகப் பின்னணி பேசி முடித்திருந்தார். மற்றவற்றில் அவர் குரல் வரவேண்டிய இடங்களை வேறு குரல்கள் நிரப்புகின்றன. அவற்றைப் பிறகு பார்க்கலாம்.

ஆவணப்படத்தில் அவர் குரலைக் கணினியில் உருவாக்கியது சரியா?

அவரைப் பற்றி 2021-இல் வந்த படத்தில், அவர் எழுதிய சில வரிகளை மென்பொருள் அவர் குரலிலேயே பேசியது. இயக்குநர் பிறகுதான் அதை வெளியே சொன்னார். தான் அதற்குச் சம்மதம் தரவில்லை என்று அவரைப் பிரிந்திருந்த மனைவி மறுத்தார். என் கருத்து: தவறு. எழுதியதை எழுத்தாகவே காட்டியிருக்கலாம்.

ஒபாமாவோடு அவர் சாப்பிட்ட கடை எது?

வியட்நாமின் ஹனோயில் புன் சா ஹுவாங் லியென். 2016 மே மாதம். கரியில் சுட்ட பன்றி இறைச்சி, குழம்பு, அரிசி நூடுல்ஸ், ஹனோய் பியர். அமெரிக்க அதிபரும் சமையல்காரரும் முதுகு சாயாத சின்னப் பிளாஸ்டிக் ஸ்டூலில், முழங்காலை மடக்கி, எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். போர்டெய்ன் இறந்த அன்று ஒபாமா வெளியிட்டது அந்தப் படத்தைத்தான். அந்த மேசையைக் கடைக்காரர்கள் இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தட்டும் பாட்டிலும் உள்ளே இருக்கின்றன. சுற்றிலும் மற்ற மேசைகளில் வியாபாரம் நடக்கிறது.

பில் எவ்வளவு?

ஆறு டாலர். கொடுத்தது போர்டெய்ன்.